பதினொரு மணி முதல் நான்கு மணி வரை: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

நங்கநல்லூரில் உள்ள எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோருக்கும், இருபத்துநான்கு வீட்டாருக்கும் வணக்கம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மொட்டை மாடியில் பொதுக்குழு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். என்னால் வர முடியாது. லிஃப்ட் மூன்றாம் மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் இருக்கிற படிகளுக்குக் கைப்பிடியே கிடையாது. எப்படியோ ஏறிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மே மாதத்தில் நான்கு மணிக்கு அந்தத் தரை எப்படிச் சுடும் என்று வடாம் போடுகிறவர்களுக்குத் தெரியும். அதனால் பேச வேண்டியதை எழுதி, உங்கள் அறிவிப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டுகிறேன். வெளியாட்கள் படித்தாலும் பரவாயில்லை. இந்த ஊரில் லிஃப்ட் வைத்த குடியிருப்பு நம்முடையது மட்டும் இல்லையே.

விஷயம் நான்காவது தீர்மானம். பொது மின்கட்டணம் கூடிவிட்டதால் கோடை முடியும்வரை லிஃப்ட் காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை நிறுத்தப்படும், அவசரம் உள்ளவர்கள் வாட்ச்மேனிடம் சொல்லி இயக்கிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

கட்டணம் நம்மைக் கடிக்கிறது என்பது உண்மைதான். 2023-இல் அரசு பொது இணைப்புக் கட்டணத்தைக் குறைத்தபோது, பத்து வீட்டுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மேல் போகாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்குத்தான் குறைத்தது. நமக்கு வீடும் அதிகம், லிஃப்டும் இருக்கிறது. பொருளாளர் சாரின் கவலை புரிகிறது. நானும் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள்தான். ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தில் எனக்கு என்ன ஆகும் என்று நான் சொல்லாமல் விட்டால், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு கை தூக்க மாட்டீர்கள். தெரியாமல் தூக்குவீர்கள்.

எனக்கு எம்.எஸ். இருப்பது உங்களில் சிலருக்குத் தெரியும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். அரசுத் தாள்களில் தமிழ்ப் பெயரும் உண்டு. ஒரு தாளில் 'தண்டுவட மரப்பு நோய்', இன்னொன்றில் 'திசு பன்முகக் கடினமாதல்'. இரண்டையும் என் மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "எம்.எஸ்.ஸுன்னே சொல்லு, அதுவே தேவலை" என்றார்.

போன வருஷம் நம் மீட்டர் பெட்டியில் எலி ஒயரைக் கடித்துவைத்தது நினைவிருக்கிறதா? கம்பி அறுந்துபோகவில்லை, மேலே இருந்த உறைதான் போயிருந்தது. காலையில் விளக்கு நன்றாக எரியும். மத்தியானம் மினுக்கும். சாயங்காலம் எலக்ட்ரீஷியன் வந்து நின்றால் ஒழுங்காக எரிந்து நம் மானத்தை வாங்கும். என் மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் நடப்பது ஏறக்குறைய அதுதான். நரம்புக்கு மேல் மயலின் என்று ஓர் உறை இருக்கிறது. நோயிலிருந்து காக்க வேண்டிய என் எதிர்ப்புச் சக்தியே அதை அங்கங்கே கடித்துவைக்கிறது. எந்த இடத்தில் கடித்ததோ அந்த வேலை கெடும். கண், கால், கை, பேச்சு, சிறுநீர்ப்பை என்று எதுவாகவும் இருக்கலாம். இது தொற்றாது. முழுக்கக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. புதிதாகக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் ஒரு பகல் முழுக்கப் படுத்து மருந்து ஏற்றிக்கொள்கிறேன். அன்று ஆட்டோவில் வந்து இறங்கும்போது, "ஊருக்குப் போயிட்டு வரீங்களா?" என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடுவது வழக்கம்.

இது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில். அந்த வயதுப் பெண் "களைப்பாக இருக்கிறது" என்றால் நம் ஊரில் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். நானும் நிறைய சாப்பிட்டேன்.

எனக்கு இது தெரியவந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் லிஃப்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

2012. தலை தீபாவளிக்கு மாம்பலத்தில் அம்மா வீட்டில் இருந்தோம். விடியற்காலையில் நல்லெண்ணெய் வைத்து, பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வெந்நீர் ஊற்றி, அம்மாவே தலை தேய்த்துவிட்டாள். குளித்து வந்து புதுப்புடவையைப் பிரித்தால் இடது கண்ணில் புகை படிந்த மாதிரி இருந்தது. வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். அரக்குச் சிவப்பு வெளுத்துப் போய்ப் பழைய செங்கல் நிறமாக இருந்தது. கையை மாற்றிப் பொத்தினால் மறுபடி அரக்கு. "சீயக்காய் பட்டிருக்கும், கண்ணைக் கழுவு" என்றாள் அம்மா. ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. பட்சணம் சாப்பிடப் போய்விட்டோம். அதற்குச் சில வாரம் முன்பு அதே கண் உருட்டினால் வலித்து, மங்கி, தானாகச் சரியாகியிருந்தது. இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த பங்குனியில் இடது கால் மரத்தது. ஓர் எலும்பு டாக்டர், அப்புறம் பிசியோதெரபி, அப்புறம் இன்னொரு எலும்பு டாக்டர். கடைசியில் நரம்பு டாக்டரிடம் போய், எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்து, முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்துப் பெயர் சொல்வதற்குள் ஒன்பது மாதம் ஓடிவிட்டது. தீபாவளிக் கதையைச் சொன்னதும் அந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஜெர்மனியில் ஊட்ஹோஃப் என்ற கண் மருத்துவர் இதை 1890-இலேயே எழுதிவைத்திருக்கிறாராம். இந்த நோய் உள்ளவர்கள் உடம்பை வருத்தி வேலை செய்தால் பார்வை மங்குகிறது, ஓய்வெடுத்தால் திரும்பிவிடுகிறது என்று. காரணம் உடம்புச் சூடு என்பது பிற்பாடு தெரிந்தது. ஸ்கேன் எல்லாம் வருவதற்கு முன்னால், சந்தேகம் இருந்தால் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பார்ப்பார்களாம். நம் ஊரில் தொட்டி எதற்கு, சித்திரை மாதம் போதும்.

உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே உறை தேய்ந்த நரம்பில் செய்தி தடுக்கிவிடும். சூடு இறங்கினால் பழையபடி ஓடும். இதனால் நிரந்தரச் சேதம் எதுவும் இல்லை என்று டாக்டர்கள் அடித்துச் சொல்கிறார்கள். நானும் நம்புகிறேன். ஆனால் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நிற்கிற காலுக்கு அதை யார் சொல்வது?

போன வருஷம் மே மாதம், கத்திரி நடுவில், பகல் பன்னிரண்டே முக்கால். காலை ஏழு மணிக்குக் கிளம்பித் தேனாம்பேட்டை ஆபீசில் பன்னிரண்டு வரை வேலை. அதற்கு மேல் அங்கே உட்கார்ந்தால் திரும்பி வர மாட்டேன் என்று தெரியும், மிச்சத்தை வீட்டில் செய்வேன். மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது, ஏசி இருக்கிறது. நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ கேட் வரை வந்துவிடும். ஊரைத் தாண்டி நம் வாசலுக்கு வந்துசேர்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அன்று லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. கையில் இரண்டு பச்சை ஆவின் பாக்கெட். மேலே 54 படி.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். இது பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த பாடம். அவர் நம் மாடிப்படியைப் பார்த்ததில்லை. நம் கைப்பிடி ஏறும்போது இடது பக்கம் வருகிறது. எனக்குக் கைகொடுக்காத கை இடது கைதான். அதனால் சுவரை வலது உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே ஏறினேன். இருபதாவது படிக்கு மேல் இடது காலின் நுனி தூக்கிக்கொடுக்கவில்லை. செருப்பு எங்கே கழன்றது என்றே தெரியாது. பாதத்துக்குத் தகவல் வந்தால்தானே தெரியும். 41-ஆவது படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.

பால் பாக்கெட்டை எடுத்துப் பின்கழுத்தில் வைத்துக்கொண்டேன். ஒன்று சூடானதும் மற்றொன்று. மாடிப்படி ஜன்னலிலிருந்து அனல் காற்று வந்துகொண்டிருந்தது. ஒரு சார் மேலிருந்து இறங்கி வந்து, "என்னம்மா, காத்து வாங்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பார்க்க அப்படித்தான் இருந்திருக்கும். கொலுசு போட்ட, தலை வாரிய, வியர்த்த ஒரு பெண்பிள்ளை கையில் பாலோடு படியில் உட்கார்ந்திருக்கிறாள். இதில் நோய் எங்கே தெரிகிறது?

நாற்பது நிமிஷம். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதைச் சொல்லாவிட்டால் மடல் எழுதியதே வீண். இந்த நோயில் பலருக்குச் சிறுநீர்ப்பை சொன்ன பேச்சைக் கேட்காது. 'கொஞ்சம் பொறு' என்பது அதற்குப் புரியாது. அன்று அந்தப் படியில் அதுவும் நடந்தது. 2பி மாமி சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தவர், என்னைப் பார்த்தார், படியைப் பார்த்தார், உள்ளே போய் ஒரு பக்கெட் தண்ணீரோடு வந்து மேலிருந்து மொத்தமாகக் கொட்டினார். "கேன் கை நழுவிடுத்துப்பா, யாரும் வழுக்கி விழுந்துடாதீங்கோ" என்று கீழே பார்த்துக் கத்தினார். அப்புறம் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியும் பெருங்காயம் போட்ட நீர்மோரும் வந்தன. அந்தக் கேன் பொய்யை இன்று நானே உடைக்கிறேன், மாமியின் சம்மதத்தோடு. செருப்பை வாட்ச்மேன் அண்ணன் சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தார். முதல் மாடித் திருப்பத்தில் கிடந்ததாம்.

இப்போது உங்கள் தீர்மானத்துக்கு வருகிறேன். அன்று நடந்தது ஒரு நாள் பழுது. நீங்கள் கொண்டுவரப்போவது அதே பழுதைக் கோடை முழுக்க, தினமும், நேரம் குறித்து.

'அவசரம் உள்ளவர்கள் வாட்ச்மேனிடம் சொல்லலாம்' என்று ஒரு வழி விட்டிருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அவர் அந்த நேரத்தில் தண்ணீர் லாரிக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் சாப்பிடப் போயிருப்பார். அவர் எதிரிலேயே இருந்தாலும் தினம் ஒருமுறை ஒருவர் முன்னால் நின்று, இன்று எனக்குக் கால் வரவில்லை என்று ஒப்பிக்க வேண்டும். நேற்று நடந்து போனதை அவரே பார்த்திருப்பார். "நேத்து நல்லாத்தானே போனீங்க?" என்று அவர் வாய் திறந்து கேட்க மாட்டார், தங்கமான மனுஷர். ஆனால் அவர் நினைப்பார். நானும் அவர் நினைப்பதை நினைத்துக்கொண்டே நிற்பேன்.

வாய் திறந்து கேட்டவர்களும் உண்டு. மார்கழியில் அனுமத் ஜயந்திக்கு நம் 32 அடி ஆஞ்சநேயரைச் சேவிக்க நடந்தே போய்வந்தவள், சித்திரையில் மூன்று மாடி ஏற மாட்டேன் என்கிறாளே என்று போன பொதுக்குழுவில் பேச்சு வந்ததாக என் கணவர் சொன்னார். நடந்து போனது உண்மைதான். மார்கழி விடியற்காலையில் நான் வேறு ஆள். அன்று போய்வந்ததற்கு அடுத்த இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன் என்பது கதவுக்கு உள்ளே நடந்தது, அது உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. இந்தக் களைப்பை எப்படிச் சொல்வது என்று பத்து வருஷமாக யோசிக்கிறேன். "எனக்கும்தான் டயர்டா இருக்கு" என்று எல்லோரும் சொல்வார்கள். தூங்கி எழுந்தால் போகிற டயர்ட் இல்லை இது. சம்ப்பில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுகிற மாதிரி. சத்தம் எல்லாம் சரியாக வரும், மேலே ஒரு சொட்டும் ஏறாது.

அதனால் என் நாளையே வெயிலுக்குத் தக்கபடி திருப்பி வைத்திருக்கிறேன். நாலரைக்கு எழுந்து, அடுப்பு வேலையை ஆறுக்குள் முடித்து, காய் நறுக்க ஸ்டூல், குளிக்கப் பச்சைத் தண்ணீர், கழுத்தில் ஈரத் துண்டு, பையில் ஐஸ் தண்ணீர். தீபாவளிக்கும் இப்போது பச்சைத் தண்ணீர்தான். கங்கா ஸ்நானம் ஆச்சா என்று கேட்டால் ஆச்சு என்பேன், கங்கையில் யார் கெய்சர் வைத்தார்கள்? என் பக்கம் செய்ய முடிந்ததையெல்லாம் செய்தாகிவிட்டது. கட்டிடத்தின் பக்கம் இருப்பது அந்த லிஃப்ட் ஒன்றுதான்.

சட்டத்தைக் காட்டி மிரட்ட வரவில்லை. ஆனால் அது இருக்கிறது என்று செயலாளர் சாருக்குத் தெரிந்திருப்பது நல்லது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் எம்.எஸ்.ஸும் ஒன்று. நியாயமாகச் செய்து தரக்கூடிய வசதியை மறுப்பதும் பாகுபாடுதான் என்று அதே சட்டம் சொல்கிறது. என்னிடம் அட்டையும் இருக்கிறது, அதில் ஒரு சதவீதமும் இருக்கிறது. அந்தச் சதவீதம் காலை ஒன்பது மணிக்கு அளந்தது. பகல் ஒரு மணிக்கு யாரும் அளக்கவில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். லிஃப்ட் மோட்டார் ஐந்து குதிரைத்திறன் என்று மேல் அறைத் தகட்டில் பொறித்திருப்பதை என் கணவர் பார்த்துவந்து சொன்னார். ஏறக்குறைய 3.7 கிலோவாட். கீழிருந்து மூன்றாம் மாடிக்கு அரை நிமிஷம். முழு வேகத்தில் இழுத்தாலும் 0.03 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால் ஒரு தடவை என்னை மேலே கொண்டுபோக ஆகும் செலவு கால் ரூபாய். நம் போர் மோட்டார் மூன்று குதிரைத்திறன். மேல்தொட்டி நிரம்பி, தண்ணீர் பின்பக்கச் சுவரில் அருவியாக வழிந்து, யாராவது சத்தம் போட்டு வாட்ச்மேன் வந்து நிறுத்த இருபது நிமிஷம் ஆகிறது, வாரத்தில் நாலு நாளாவது. ஒவ்வொரு தடவையும் முக்கால் யூனிட் போகிறது. அதில் நான் இருபத்தைந்து தடவை மேலே போவேன். தொட்டி நிறைந்தால் தானே நிற்கிற ஃப்ளோட் சுவிட்ச் ஒன்று போடுங்கள். நான்காவது தீர்மானம் தேட வந்த மிச்சம் அங்கே வழிகிறது. பொது மின்கட்டணக் கணக்கை மாதாமாதம் பார்த்துத் தரவும் நான் தயார், சம்பளம் வேண்டாம்.

கேட்பது மூன்றுதான். லிஃப்டை நிறுத்தாதீர்கள். கரண்ட் போனால் லிஃப்டைப் பக்கத்து மாடிக்கு நகர்த்திக் கதவைத் திறந்துவிடுகிற பேட்டரி இரண்டு வருஷமாகச் செத்துக் கிடக்கிறது, அதை மாற்றுங்கள். அது எனக்கு மட்டும் இல்லை, 1டி குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டு அழுததை எல்லோரும் கேட்டோம். மூன்றாவது, படியின் வலது பக்கச் சுவரில் ஒரு ஸ்டீல் குழாய். 2ஏ தாத்தாவுக்கும் மாமியின் முட்டிக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அதற்கு என் பங்காக ஐயாயிரம் தருகிறேன்.

கத்திரி மே 28-ஆம் தேதியோடு முடிந்துவிடும் என்று பஞ்சாங்கம் சொல்லும். அதை நம்பிக் கோடை போயிற்று என்று இருந்துவிட முடியாது. சென்னையில் 45 டிகிரி அடித்தது 2003-இல், மே 31 அன்று. உலக எம்.எஸ். தினம் மே 30. தேதி குறித்தவர் நிச்சயம் சென்னைக்காரர் இல்லை.

பொதுக்குழுவைக் கீழே கார் நிறுத்துமிடத்தில், மாலை ஆறரைக்கு மேல் வைத்தால் நானும் வருவேன், கேட்கிற கேள்விக்கு நேரிலேயே பதில் சொல்வேன். மொட்டை மாடியில்தான் என்றால், நான்காவது தீர்மானத்துக்கு எதிரான என் ஓட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டு என் கணவரிடம் கொடுத்திருக்கிறேன். தீர்மானத்தை வாசிக்கும்போது அதையும் சேர்த்து வாசிக்கவும்.

இப்படிக்கு,
3சி

பி.கு.: இரண்டாம் மாடித் திருப்பத்தில் இருக்கிற நீல நாற்காலியை மாமி எனக்கே கொடுத்துவிட்டார். வடாம் காவலுக்கு மேலே எடுத்துப்போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் திருப்பி வைத்துவிடுங்கள்.